ஒரு கேள்வி பிறந்த கதை

1721-ஆம் ஆண்டு. இத்தாலியின் பாதுவா பல்கலைக்கழகத்தில் மருத்துவப் பேராசிரியராக இருந்தார் அந்தோனியோ வல்லிஸ்னியேரி. பூச்சி புழுவிலிருந்து மனிதன் வரை உயிர்கள் எப்படிப் பிறக்கின்றன என்று துருவிக்கொண்டே இருப்பதுதான் அவருக்கு வாழ்நாள் வேலை. அந்த ஆண்டு அவர் எழுதிய குறிப்புகளில் ஒரு குடியானவப் பெண் இடம்பெற்றாள். இளம் வயது, மணமானவள், கொஞ்சம் பூசினாற்போன்ற உடம்பு, பிள்ளை இல்லை. அவளுடைய இரண்டு சினைப்பைகளும் வழக்கத்தைவிடப் பெருத்து, மேடு மேடாக, வெளுத்து மினுமினுத்து, புறா முட்டையைப் போல இருந்தன. பார்த்ததை எழுதியதோடு வல்லிஸ்னியேரி நிறுத்திக்கொண்டார். அவளுடன் பிறந்தவர்கள் எத்தனை பேர், அவர்களுக்குப் பிள்ளை உண்டா, அப்பா எப்படி இருந்தார் என்பதெல்லாம் குறிப்பில் இல்லை. அப்படி ஒரு கேள்வி கேட்க வேண்டும் என்று மருத்துவ உலகத்துக்குத் தோன்ற இன்னும் இரண்டரை நூற்றாண்டு ஆயிற்று.

அடுத்த துப்பு பாரிஸில் கிடைத்தது. 1921-இல் அஷார், தியேர் என்ற இரண்டு மருத்துவர்கள், முகத்தில் ரோமம் அடர்ந்த சில பெண்களுக்குச் சர்க்கரை நோயும் கூடவே இருப்பதைக் கண்டார்கள். ‘தாடி வைத்த பெண்களின் சர்க்கரை நோய்’ என்று அதற்குப் பெயர் வைத்து எழுதினார்கள். அதற்கு மறு ஆண்டுதான் சிவகாசியிலிருந்து அய்ய நாடாரும் சண்முக நாடாரும் தீப்பெட்டித் தொழில் பழகக் கல்கத்தாவுக்குக் கிளம்பினார்கள். இந்தக் கதை பின்னால் வந்து சேரப்போகும் விஸ்வநத்தம், சிவகாசியை ஒட்டிய ஊர், அப்போது வானம் பார்த்த பூமி. பாதுவாவின் வெளுத்த சினைப்பைக்கும் பாரிஸின் சர்க்கரைக்கும் தொடர்பு இருக்கலாம் என்று அன்றைக்கு யாரும் நினைக்கவில்லை. இரண்டும் இரண்டு ஏடுகளில் தனித்தனியாகக் கிடந்தன. அவற்றைச் சேர்த்துப் பார்க்கவிடாமல் தடுத்தது, பிற்பாடு கிடைத்த ஒரு பெரிய வெற்றி.

அந்த வெற்றி சிகாகோவில் நடந்தது. மைக்கேல் ரீஸ் மருத்துவமனையில் இர்விங் ஸ்டெயினும் மைக்கேல் லெவென்தாலும் மகளிர் மருத்துவர்கள். அல்ட்ராசவுண்ட் ஸ்கேன் இல்லாத காலம். வயிற்றுக்குள் காற்றை ஏற்றி எக்ஸ்ரே எடுக்கும் ஒரு முறையில் ஸ்டெயின் கைதேர்ந்திருந்தார். ஏற்றிய காற்று குடலை ஒதுக்கிவிட, கர்ப்பப்பையும் சினைப்பைகளும் படத்தில் நிழலாக விழும். மாதக்கணக்கில் மாதவிலக்கு வராத சில பெண்களுக்கு எடுத்த படத்தில் சினைப்பைகள் இயல்பைவிடப் பெரிதாகத் தெரிந்தன. காரணம் தேடி, வயிற்றைத் திறந்து சினைப்பையில் ஒரு துண்டு வெட்டிச் சோதனைக்கு அனுப்பினார்கள். சோதனைக்காக வெட்டியதுதான், வைத்தியமாக நினைத்து வெட்டவில்லை. ஆனால் தையல் ஆறி வீடு திரும்பிய பெண்கள் சிலருக்கு, அதுவரை நின்றிருந்த மாதவிலக்கு தானாக வந்தது.

இரண்டு மருத்துவர்களும் அதைப் பிடித்துக்கொண்டார்கள். 7 பெண்களைத் தேர்ந்து, ஒவ்வொரு சினைப்பையிலும் பாதி முதல் முக்கால் வரை ஆப்பு வடிவத்தில் வெட்டி எடுத்துவிட்டுத் தைத்தார்கள். ஏழு பேருக்கும் மாதவிலக்கு ஒழுங்குக்கு வந்தது. இரண்டு பேர் கருவுற்றார்கள். 1935-இல் இது அச்சேறியதும், பின்னாளில் பிசிஓஎஸ் (சினைப்பை நீர்க்கட்டி நோய்) என்று அறியப்பட்ட இந்த நோய்க்கு ஸ்டெயின்-லெவென்தால் நோய் என்றே பெயர் நிலைத்தது. பிள்ளை வேண்டித் தவித்த எத்தனையோ குடும்பங்களில் அந்த அறுவைச் சிகிச்சை தொட்டில் கட்டியது உண்மை. சிலருக்கு வெட்டிய இடத்தில் தழும்பு ஒட்டிக்கொண்டு புதுச் சிக்கல் உண்டானதும் உண்மை. அதைவிடப் பெரிய சிக்கல் மருத்துவர்களின் மனத்தில் உண்டானது. சினைப்பையை வெட்டினால் குணமாகிறது என்றால் நோயின் வேர் சினைப்பையில்தானே இருக்க வேண்டும்? பாரிஸின் சர்க்கரை அடியோடு மறந்துபோனது.

விஸ்வநத்தம் அதற்குள் வேறு ஊராகிவிட்டிருந்தது. தீப்பெட்டி ஆபீஸ், வெடி ஆபீஸ், அச்சகம் என்று சிவகாசியைச் சுற்றி வேலை பெருகியது. தூக்குவாளியோடு காலையில் கிளம்பிய பெண்கள் கட்டை அடுக்கினார்கள், பெட்டி ஒட்டினார்கள், சரம் பின்னினார்கள். கல்யாணமாகி இரண்டு மூன்று வருஷம் வயிறு திறக்கவில்லை என்றால் எள்ளும் கருப்பட்டியும் இடித்து உருண்டை பிடித்துக் கொடுத்தார்கள். இருக்கன்குடி மாரியம்மனுக்கு நேர்ந்துகொண்டார்கள். அதற்கும் அசையாவிட்டால் பேச்சு அம்மா வீட்டுப் பக்கம் திரும்பியது. “இவ ஆத்தாளுக்கே எட்டு வருஷம் கழிச்சுத்தானே இவ பொறந்தா? அவ சின்னாத்தாளுக்கும் புள்ள இல்ல. தெரிஞ்சுதான் நம்ம தலையில கட்டிட்டாக.” தாயைப் போலப் பிள்ளை என்ற பழமொழி அந்த வீடுகளில் மகளுக்கும் தாய்க்கும் சேர்த்து எழுதப்பட்ட தீர்ப்பாக இருந்தது. அந்தத் தீர்ப்பின் பேரில் இரண்டாம் தாரம் வந்த வீடுகளும் உண்டு. கரிசல் காடுகளிலும் தீப்பெட்டி ஆபீஸ்களிலும் பெண்கள் சுமந்த எடைகளில் இதுவே மிகக் கனமானது என்று எனக்குத் தோன்றுகிறது. திண்ணையில் உட்கார்ந்திருந்த அப்பாவை மட்டும் யாரும் திரும்பிப் பார்க்கவில்லை.

மருத்துவ உலகமும் ஏறத்தாழ இப்படித்தான் தொடங்கியது. 1968-இல் கூப்பரும் அவருடைய கூட்டாளிகளும் அமெரிக்க மகப்பேறு மருத்துவ இதழில் ஒரு கட்டுரை வெளியிட்டார்கள். ஸ்டெயின்-லெவென்தால் நோயுள்ள பெண்களோடு நிற்காமல் அவர்களுடைய உறவுகளையும் தேடிப் பிடித்துப் பார்த்தார்கள். நோய் குடும்பங்களில் ஓடியது. தாயிடமிருந்தோ தந்தையிடமிருந்தோ ஒரே ஒரு பிரதி வந்தாலே போதும் என்ற வகை மரபணு ஒன்றுதான் காரணமாக இருக்கும் என்று அவர்கள் கணித்தார்கள். கணக்கில் ஓர் ஓட்டை இருந்தது. தந்தை வழியாகவும் வரும் என்றால் தந்தையிடம் அதன் அடையாளம் என்ன? சினைப்பை இல்லாத உடம்பில் சினைப்பை நோயை எங்கே தேடுவது?

விடை வேறொரு வாசல் வழியாக வந்தது. 1980-இல் அமெரிக்காவின் மெம்பிஸ் நகரில் பர்கன், கிவன்ஸ், கிட்டாப்சி மூவரும் இந்த நோயுள்ள பெண்களின் ரத்தத்தில் இரண்டு பொருள்களை அளந்தார்கள். ஒன்று ஆண் ஹார்மோன், இன்னொன்று இன்சுலின். ஒன்று ஏறிய இடத்தில் மற்றதும் ஏறியிருந்தது. தசையும் கொழுப்பும் இன்சுலினுக்கு மசியாத உடம்பில், ஈடுகட்டுவதற்காகக் கணையம் மேலும் மேலும் இன்சுலினைச் சுரக்கிறது. அந்த உபரி இன்சுலின் சினைப்பையில் ஆண் ஹார்மோன் தயாரிக்கும் செல்களைத் தூண்டுகிறது. அந்த ஹார்மோனைக் கட்டிவைக்கும் புரதத்தை ஈரல் தயாரிப்பதையும் குறைக்கிறது. முட்டை முழுதாக வளராமல் பாதியில் நிற்கிறது. நீர்க்கட்டி என்று ஊரெல்லாம் சொல்வது இப்படிப் பாதியில் நின்ற முட்டைக் கூடுகளைத்தான். 1989-இல் ஆன்ட்ரியா துனைஃபும் அவர் குழுவினரும் இன்னொரு அதிர்ச்சியைச் சேர்த்தார்கள்: இன்சுலினுக்கு மசியாத இந்தக் குணம் ஒல்லியான நோயாளிகளிடமும் இருந்தது. அறுபது ஆண்டுக்கும் முன்னால் பாரிஸில் எழுதப்பட்ட தாடியும் சர்க்கரையும் மறுபடி மேசைக்கு வந்தன. இனி மரபணுவைப் பிடித்துவிட்டால் போதும் என்ற நிலை. பிடிக்கப் போனவர்களுக்குக் காத்திருந்தது பத்தாண்டுத் தோல்வி.

லண்டன் செயின்ட் மேரீஸ் மருத்துவமனையில் ஸ்டீபன் ஃபிராங்க்ஸ் குழு 1993-இல் பத்துக் குடும்பங்களை எடுத்துக்கொண்டது. ஆண்களிடம் எதைத் தேடுவது என்ற பழைய புதிருக்கு அவர்கள் கண்ட வழி துணிச்சலானது. முப்பது வயதுக்கு முன்பே முன்மண்டை வழுக்கை விழுந்த அண்ணன் தம்பிகளை, நீர்க்கட்டி உள்ள அக்கா தங்கைகளுக்குச் சமமாகக் கணக்கில் சேர்த்தார்கள். சேர்த்ததும் குடும்ப மரம் ஒழுங்காகப் பொருந்தியது. ஒற்றை மரபணு என்ற நம்பிக்கை வலுத்தது. மறு ஆண்டே அந்தக் குழு சிஒய்பி17 என்ற மரபணுவைச் சுட்டிக்காட்டியது. ஆண் ஹார்மோன் தயாரிப்பில் நேரடிப் பங்குள்ள மரபணு அது. இதைவிடப் பொருத்தமான குற்றவாளி கிடைக்காது. ஆனால் இன்னும் அதிகக் குடும்பங்களைச் சேர்த்துப் பார்த்தபோது பொருத்தம் கரைந்தது. சிஒய்பி17 முதன்மைக் காரணம் அல்ல என்று 1996-இல் அதே குழுவே எழுதியது. இந்தக் கதையில் எனக்கு மிகவும் மதிப்புக்குரியதாகப் படும் இடம் இது. இரண்டே ஆண்டில் தங்கள் கண்டுபிடிப்பைத் தாங்களே மறுக்க எத்தனை பேருக்கு மனம் வரும்?

அடுத்து அவர்கள் பிடித்த சிஒய்பி11ஏ என்ற மரபணுவும் சில ஆண்டுகளில் பெரிய கணக்கெடுப்பின் முன் நிற்கவில்லை. 1999-இல் அமெரிக்காவில் மார்கிரிட் அர்பனெக் குழு 150 குடும்பங்களில், சந்தேகத்துக்குரிய 37 மரபணுக்களை வரிசையாக நிறுத்திச் சோதித்தது. ஃபாலிஸ்டாட்டின் என்ற மரபணு முன்னால் வந்தது. மறு ஆண்டுக்குள் அதுவும் பின்வாங்கியது. 19-ஆம் குரோமோசோமில், இன்சுலினை வரவேற்கும் ஏற்பியின் மரபணு இருக்கும் பக்கத்தில் மட்டும் ஒரு மெல்லிய தடயம் மிஞ்சியது. அதை அப்போது பெரிதாக யாரும் கொண்டாடவில்லை.

மரபணு சிக்கவில்லையே தவிர மரபு இருப்பது நாளுக்கு நாள் உறுதியானது. 1998-இல் ரிச்சர்ட் லெக்ரோவும் துனைஃபும் 80 நோயாளிகளின் 115 சகோதரிகளைப் பரிசோதித்தார்கள். 22 சதவீதம் பேருக்கு அதே நோய். மேலும் 24 சதவீதம் பேருக்கு மாதவிலக்கு ஒழுங்காக இருந்தும் ரத்தத்தில் ஆண் ஹார்மோன் மிகுந்திருந்தது. 2006-இல் நெதர்லாந்தின் இரட்டையர் ஆய்வு வந்தது. ஒரே கருவிலிருந்து பிறந்த இரட்டைப் பெண்களையும், தனித்தனிக் கருவிலிருந்து பிறந்த இரட்டையரையும் ஒப்பிட்டதில், இந்த நோய் வருவதில் ஏறத்தாழ 70 சதவீதப் பங்கு மரபணுக்களுடையது என்று கணக்கு சொன்னது. அவ்வளவு பெரிய பங்கை வைத்துக்கொண்டு குற்றவாளி எங்கே ஒளிந்திருந்தான்?

ஒருவன் என்று நினைத்துத் தேடியதுதான் தவறு. வாணம் வானத்தில் விரியும்போது தெரியும் நிறம் ஒரே பொடியால் வருவதில்லை; மருந்துக் கலவையில் பல பொடிகள் அளவு அளவாகச் சேர்ந்திருக்கின்றன. இந்த நோயின் மரபும் அப்படிப்பட்ட கலவை என்பது சீனாவில்தான் தெளிவானது. ஷாண்டோங்கைச் சேர்ந்த சென் ஸீ-ஜியாங் குழு சந்தேகப் பட்டியல் எதையும் கையில் எடுக்கவில்லை. மரபணுத் தொகுதி முழுவதையும் லட்சக்கணக்கான இடங்களில் தொட்டுப் பார்த்தது. நோயுள்ள 4,082 பெண்களையும் நோயில்லாத 6,687 பேரையும் ஒப்பிட்டது. 2011-இல் வெளியான முடிவில் மூன்று இடங்கள் பளிச்சென்று தெரிந்தன. முட்டை வெளிவரத் தூண்டும் ஹார்மோனின் ஏற்பி ஒன்று, அதை எதிர்பார்த்திருந்தார்கள். இரண்டாவது தாடா என்ற மரபணு. சர்க்கரை நோய் ஆய்வுகளில் ஏற்கெனவே பேர் அடிபட்டது. மூன்றாவது டென்டி1ஏ. இனப்பெருக்க மருத்துவர்கள் யாரும் அதுவரை அதைப் பற்றிக் கவலைப்பட்டதே இல்லை.

அந்த மூன்றாவது ஆள் சும்மா இருக்கவில்லை. அமெரிக்காவில் ஜான் மெக்அலிஸ்டரும் ஜெரோம் ஸ்ட்ராஸும் சினைப்பையின் ஆண் ஹார்மோன் செல்களைத் தட்டில் வளர்த்துவந்தார்கள். நோயுள்ள பெண்களின் செல்கள் ஒரு பக்கம், இல்லாதவர்களுடையவை மறு பக்கம். நோயுள்ளவர்களின் செல்களில் டென்டி1ஏ-யின் ஒரு குட்டை வடிவம் அதிகமாக உருவானது. அதே வடிவத்தைக் கொண்டுபோய் நலமான செல்களுக்குள் கூட்டினார்கள். நலமான செல்கள் நோயுற்ற செல்களைப் போல ஆண் ஹார்மோனைக் கொட்டத் தொடங்கின. நோயுற்ற செல்களில் அதைக் குறைத்தபோது கொட்டுவது தணிந்தது. 2014-இல் இது வெளியானபோது, மரபணு ஒன்று தன் வேலையைச் செய்வதைக் கண்ணால் பார்த்த நிம்மதி முதன்முறையாகக் கிடைத்தது.

இதற்கு முன்பே மும்பையில் ஒரு முக்கியமான வேலை நடந்திருந்தது. தேசிய இனப்பெருக்க நல ஆராய்ச்சி நிறுவனத்தில் ஸ்ரபானி முகர்ஜி குழு, ஒல்லியான இந்தியப் பெண்களின் இன்சுலின் ஏற்பி மரபணுவைப் படித்தது. அதில் ஓர் எழுத்து மாறியிருந்தால் இன்சுலினுக்கு மசியாத குணமும் ஆண் ஹார்மோன் மிகுதியும் கூடவே வருவதை 2009-இல் தெரிவித்தது. 2012-இல் சீனக் குழுவின் இரண்டாம் பட்டியலில் அதே இன்சுலின் ஏற்பியின் இடமும் வந்து நின்றது. பத்தாண்டுக்கும் மேலாகக் காத்திருந்த அந்த மெல்லிய தடயம் கடைசியில் பொய்யாகவில்லை. அதே மும்பை நிறுவனம் உலகெங்கும் இந்த நோயோடு சேர்த்துப் பேசப்பட்ட மரபணுக்களைத் திரட்டி ஒரு களஞ்சியமும் தொடங்கியது. 2020-இல் அதன் இரண்டாம் பதிப்பில் 533 மரபணுக்கள் இருந்தன.

2018-இல் ஐரோப்பிய வம்சாவளிப் பெண்களில் 10,074 நோயாளிகளையும் 1,03,164 மற்றவர்களையும் சேர்த்துப் பார்த்த பெரிய ஆய்வு 14 இடங்களைக் குறித்தது. அந்தக் கணக்கில் எதிர்பாராத ஒரு பழைய நண்பர் தலைகாட்டினார்: ஆண்களின் வழுக்கை. வழுக்கைக்கான மரபணுக்களும் இந்த நோய்க்கான மரபணுக்களும் ஓரளவு பொதுவானவை என்று தெரிந்தது. 1993-இல் லண்டன் குழு ஒற்றை மரபணு என்று நினைத்ததில் தவறியது. அண்ணன் தம்பிகளின் தலையைப் பார்த்ததில் தவறவில்லை. அப்படியானால் ஆண்களின் உடம்பில் இந்த மரபணுக்கள் வேறு என்னவெல்லாம் செய்துகொண்டிருந்தன?

பாஸ்டனின் ஜியா சூவும் கூட்டாளிகளும் அதை நேராகச் சோதித்தார்கள். பிரிட்டனின் உயிர்த்தகவல் வங்கியில் பதிந்திருந்த 1,76,360 ஆண்களை எடுத்துக்கொண்டு, பெண்களின் நீர்க்கட்டி நோய்க்கான மரபணுச் சுமை ஒவ்வொருவரிடமும் எவ்வளவு என்று மதிப்பெண் போட்டார்கள். மதிப்பெண் கூடிய ஆண்களுக்கு உடற்பருமன் கூடியது. சர்க்கரை நோய் கூடியது. இதய நோய் கூடியது. வழுக்கையும் கூடியது. 2022-இல் இது அச்சேறியபோது சிகாகோ வெற்றி தந்த எண்பது ஆண்டு நம்பிக்கை ஆட்டம் கண்டது. சினைப்பையே இல்லாத உடம்பிலும் அதே மரபணுக்கள் வேலை செய்கின்றன என்றால், இதைச் சினைப்பையின் நோய் என்று மட்டும் எப்படிச் சொல்வது? சினைப்பையைச் சுட்டும் பிசிஓஎஸ் என்ற பெயரை மாற்ற வேண்டும் என்று 2012-இலேயே அமெரிக்கத் தேசிய நலவாழ்வு நிறுவனங்கள் கூட்டிய நிபுணர் குழு பரிந்துரை செய்திருந்ததன் நியாயம் இப்போது முழுதாக விளங்கியது.

இந்தியாவில் இது எத்தனை வீட்டுக் கதை என்பதும் அதே காலத்தில் தெரிந்தது. இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகம் நாட்டின் பல பகுதிகளில் நடத்திய ஆய்வின் முடிவு 2024-இல் வந்தது. 18 முதல் 40 வயதுவரையான பெண்களில், 2003-இல் ராட்டர்டாமில் வகுத்த அளவுகோலின்படி 19.6 சதவீதம் பேருக்கு இந்த நோய் இருந்தது. கறாரான பழைய அளவுகோலை வைத்தாலும் 7.2 சதவீதம். இது கிட்டத்தட்ட ஒவ்வொரு தெருவுக்கும் வந்துவிடும் எண்ணிக்கை.

விஸ்வநத்தத்து வீடுகளில் பழைய தீர்ப்பு இன்னும் முழுதாகக் கலையவில்லை. மாமியார் வீட்டில் மருமகளின் ஆத்தாளைத்தான் இன்றும் முதலில் இழுக்கிறார்கள். ஆனால் சிவகாசியிலோ மதுரையிலோ ஒரு மகளிர் மருத்துவரின் அறையில் பேச்சு வேறு மாதிரி போகிறது. மூன்று மாதமாகத் தீட்டு வரவில்லை என்று ஒரு பெண் ஸ்கேன் படத்தோடு போய் உட்காருவாள். மருத்துவர் படத்தைப் பார்ப்பார். எடையையும் ரத்த அழுத்தத்தையும் குறித்துக்கொள்வார். பிறகு, வந்த நோய்க்குச் சம்பந்தமே இல்லாததுபோல ஒரு கேள்வி வரும்.

“அப்பாவுக்குச் சர்க்கரை இருக்கா?”

சில சமயம் கூடவே இன்னொன்றும்: “அண்ணன் தம்பி யாருக்காவது சின்ன வயசுலயே முன்மண்டை ஏறியிருச்சா?”

கேட்டுக் கேட்டுப் பழகிவிட்டதால் படிவத்தில் ஒரு கட்டம்போல அது நிரப்பப்பட்டுவிடுகிறது. மெம்பிஸின் ரத்த மாதிரிகளும் லண்டனின் பத்துக் குடும்பங்களும் ஷாண்டோங்கின் ஆயிரக்கணக்கான பெண்களும் அந்த ஒரு வரிக்குப் பின்னால் நிற்கிறார்கள். பதில் ‘ஆமாம்’ என்றால் மகளுக்குச் சர்க்கரைச் சோதனையைத் தள்ளிப்போடக் கூடாது என்று அர்த்தம். இல்லை என்றாலும் சோதனை உண்டு. ஆஸ்திரேலியாவின் மோனாஷ் பல்கலைக்கழகம் முன்னின்று 2023-இல் வெளியிட்ட சர்வதேச வழிகாட்டுதல், நோய் உறுதியானதுமே சர்க்கரையைப் பார்க்கவும், அதன்பின் ஒன்று முதல் மூன்று ஆண்டுக்கு ஒருமுறை மறுபடி பார்க்கவும் சொன்னது. இந்நோயுள்ள பெண்களின் அப்பாவுக்கும் உடன்பிறந்த ஆண்களுக்கும் சர்க்கரையும் ரத்தக் கொதிப்பும் கூடுதலாக வரலாம் என்பதை மருத்துவர்கள் மனத்தில் வைக்கலாம் என்றும் அது குறிப்பிட்டது.

ஆகவே கேள்வி இப்போது இரண்டு பக்கமும் ஓடுகிறது. அப்பாவின் சர்க்கரை மகளின் சிகிச்சைக்குத் துப்பு. மகளின் நீர்க்கட்டி அப்பாவுக்கு ஓர் எச்சரிக்கை. மகளைக் கூட்டிவந்து வெளியே பெஞ்சில் காத்திருப்பவர் அவராக இருந்தால், வெறும் வயிற்றில் ஒருமுறை ரத்தம் கொடுத்துப் பார்க்கும்படி மருத்துவர் அவருக்கும் ஒரு சீட்டு எழுதிக் கொடுக்கலாம்.